பிளேட் அழிந்த பழைய லேத்துக்கு எந்த ஆயில்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா நடத்திய லேத் பட்டறை ஆறு வருடம் பூட்டிக் கிடந்தது, இப்போதுதான் திறந்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறடி லேத் ஒன்று, ஷேப்பிங் மெஷின் ஒன்று, ஒரு பில்லர் டிரில், ஒரு பவர் ஹேக்சா. லேத்தில் ஆயில் விவரம் பொறித்த பிளேட் தேய்ந்து எழுத்தே தெரியவில்லை. ஆயில் கடைக்காரர் 20டபிள்யூ40 இன்ஜின் ஆயில் ஊற்றச் சொல்கிறார், பக்கத்துப் பட்டறை அண்ணன் 90 நம்பர் கியர் ஆயில்தான் தாங்கும் என்கிறார், எது சரி என்பது கேள்வி. என் பதில் இரண்டும் இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. பிளேட் இல்லாத மெஷினுக்கு என்ன வேண்டும் என்பதை மெஷினைப் பார்த்தே எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதைச் சொல்கிறேன்.

நான் ஐடிஐயில் டர்னர் படித்து, பிறகு மெயின்டனன்ஸ் பக்கம் போனவன். சேலத்தைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும், காப்பி சீசனில் ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலும் முப்பது வருடத்துக்கு மேல் பழைய மெஷின்களைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். ஆயில் தயாரிக்கும் கெமிஸ்ட் இல்லை. அதனால் எது உறுதி, எது என் அனுபவம் மட்டும் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இந்த நம்பர் குழப்பம். கடையில் நீங்கள் கேட்கும் 40, 68, 90 மூன்றும் ஒரே அளவுகோலில் வருபவை இல்லை. 68 என்பது ஐஎஸ்ஓ விஜி நம்பர், அதாவது தொழிற்சாலை எண்ணெய்களுக்கான சர்வதேசக் கெட்டித்தன்மை அளவு. 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் கெட்டித்தன்மை 68 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு), பத்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று பொருள். தொழிற்சாலை எண்ணெய்கள் 32, 46, 68, 100, 150, 220 என்று இப்படித்தான் போகும். 20டபிள்யூ40-இல் உள்ள 40 வண்டி இன்ஜின் ஆயிலுக்கான எஸ்ஏஇ அளவு, அதைச் சூடான நிலையில், 100 டிகிரியில் அளக்கிறார்கள். கியர் ஆயிலின் 90-ம் எஸ்ஏஇதான், ஆனால் அது கியர் ஆயிலுக்கென்று தனியாக வைத்த வரிசை. ஆக 90 என்பது 40-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று நினைப்பது, சட்டை அளவையும் செருப்பு அளவையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்பது போல. விஜி கணக்குக்குக் கொண்டுவந்தால் 20டபிள்யூ40 ஆயில் 40 டிகிரியில் பெரும்பாலும் 100-க்கு மேல், 140 வரை நிற்கும். 90 நம்பர் கியர் ஆயில் 150-க்கும் 220-க்கும் நடுவில் எங்காவது இருக்கும். உங்களுடையதாக இருக்கும் என்று நான் நினைக்கும் ஆல் கியர் லேத்தின் (பெல்ட் மாற்றாமல் கியர்களாலேயே வேகம் மாற்றுவது) ஹெட்ஸ்டாக்குக்கு, அதாவது சுழலும் அச்சும் கியர்களும் இருக்கும் தலைப்பெட்டிக்கு, வழக்கமாகக் கேட்பது 32-இலிருந்து 68 வரை. கடைக்காரர் சொன்னது சுமார் இரண்டு மடங்கு கெட்டி, அண்ணன் சொன்னது இரண்டிலிருந்து மூன்று மடங்கு. அப்பாவின் பீரோவில் பழைய ஆங்கில மேனுவல் ஏதாவது கிடைத்து, அதில் ‘100 டிகிரி பாரன்ஹீட்டில் 300 எஸ்யூஎஸ்’ என்பது போல இருந்தால் பயப்பட வேண்டாம். அது பழைய சேபோல்ட் வினாடிக் கணக்கு. தோராயமாக 4.6-ஆல் வகுத்தால் நம் விஜி நம்பர் வரும், 300 என்றால் இன்றைய 68.

40 டிகிரி என்ற அந்த அளவீட்டு வெப்பநிலையை நம் ஊரோடு சேர்த்துப் பாருங்கள். சித்திரை வைகாசியில் சேலத்தில் ஷீட் போட்ட பட்டறைக்குள் மதியம் மெஷின் ஓடாமல் சும்மா நின்றாலே 40 டிகிரி. டப்பாவில் போட்டிருக்கும் நம்பர் நமக்கு மெஷின் ஸ்டார்ட் செய்யும் நேரத்துக் கெட்டித்தன்மைதான். ஓடிச் சூடேறி 60 டிகிரி வந்தால் 68 நம்பர் ஆயில் 30-க்கும் கீழே இறங்கிவிடும். மார்கழி விடியற்காலையில் 20 டிகிரியில் அதே ஆயில் மூன்று மடங்கு கெட்டியாக இருக்கும். குளிர்நாட்டு மேனுவலில் 32 என்று போட்டிருந்தால் நம் ஊரில் 46 அல்லது 68 ஊற்றுவதில் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் ஒரு படி, மிஞ்சிப்போனால் இரண்டு படி. அதற்கு மேல் போனால் எண்ணெய் பேரிங்குக்கு உதவுவதை விட்டுவிட்டு மோட்டாரோடு மல்லுக்கட்ட ஆரம்பிக்கும்.

கெட்டித்தன்மைக்கு அப்புறம் பார்க்க வேண்டியது, எண்ணெய்க்குள் வேறு என்ன கலந்திருக்கிறார்கள் என்பது. அண்ணன் சொன்ன 90 நம்பர் கெட்டியாக இருப்பதைவிட எனக்கு அதன் மருந்துதான் பயம். லாரி டிஃபரன்ஷியலுக்கான கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஈபி மருந்து இருக்கும். பல்லும் பல்லும் கடுமையாக அழுந்தும் இடத்தில் அது எஃகின் மேல் ஒரு படலம் கட்டிக் காப்பாற்றும். அதே கந்தகம் செம்பு கலந்த உலோகத்தைக் கடிக்கும், சூட்டில் இன்னும் வேகமாக. நம் பழைய மெஷின்களில் கன்மெட்டல் புஷ் (செம்பு கலந்த உலோகத்தில் செய்த உருளை வளையம், அதற்குள் ஷாஃப்ட் சுழலும்) இல்லாத இடம் எது? கொண்டலாம்பட்டியில் ஒரு பட்டறையில் இரண்டு வருடம் 90 ஊற்றி ஓட்டிய லேத்தில், டூலைத் தாங்கி நகரும் கேரேஜின் முன்பக்கக் கியர் பெட்டியான ஏப்ரனைப் பிரித்தேன். தங்க நிறத்தில் இருக்க வேண்டிய புஷ் அடுப்புக்கரி பூசியது போலக் கறுத்துக் கிடந்தது. விரலால் துடைத்தால் கறுப்பு போகவில்லை, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. கீழே தேங்கிய எண்ணெயில் லேசான பச்சை ஓட்டம். முட்டை கெட்ட நாற்றம் வேறு. ஒன்றைச் சொல்ல வேண்டும். கியர் ஆயிலிலும் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று வகை உண்டு, 5-இல் மருந்து ஏறக்குறைய இரட்டிப்பு. இப்போது வருபவற்றில் கந்தகம் அவ்வளவு முரட்டுத்தனம் இல்லை என்றும் சொல்கிறார்கள். ஹெட்ஸ்டாக் போன்ற அதிகம் சூடாகாத இடத்தில் எத்தனை மாதத்தில் கடிக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல என்னால் முடியாது. அந்தப் புஷ்ஷைப் பார்த்த பிறகு நான் அந்தப் பரீட்சைக்கே போவதில்லை.

20டபிள்யூ40 விஷயம் இவ்வளவு கறுப்பு வெள்ளை இல்லை. இன்ஜின் ஆயிலில் டிடர்ஜென்ட் இருக்கும். கரியையும் தூசியையும் கீழே படிய விடாமல் எண்ணெயிலேயே மிதக்க வைத்து ஃபில்டருக்குக் கொண்டுபோவது அதன் வேலை. உங்கள் லேத்தில் ஃபில்டர் இல்லை. இருந்தாலும் ஒரு கம்பி வலை இருக்கும், அவ்வளவுதான். மிதக்கும் தூள் சுற்றிச் சுற்றிப் பேரிங்குக்கே வரும். டிடர்ஜென்ட் இல்லாத எண்ணெயில் தூள் அடியில் படிந்து, டிரெயின் பிளக் திறக்கும்போது வெளியே வரும். அதோடு இன்ஜின் ஆயில் ஈரத்தைத் தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும், நல்ல தொழிற்சாலை எண்ணெய் தண்ணீரைப் பிரித்துக் கீழே விடும். இவை உறுதியானவை. உடனே மெஷின் கெட்டுவிடுமா என்றால், இல்லை. இருபது வருடமாக 20டபிள்யூ40-இலேயே ஓடி இன்றும் ஓரளவு துல்லியமாகக் கடையும் லேத்துகளை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பட்டறைக்காரர்கள் வருடா வருடம் எண்ணெய் மாற்றியவர்கள். மெஷின் பிழைத்ததற்கு அந்த எண்ணெய் காரணமா அந்தப் பழக்கம் காரணமா என்று கேட்டால் நான் பழக்கத்தின் பக்கம்தான் கை தூக்குவேன். ஹெட்ஸ்டாக்குக்குள் எண்ணெயில் நனைந்து ஓடும் பிளேட் கிளட்ச் இருக்கும் மாடலாக இருந்தால் மட்டும் கறாராகச் சொல்வேன்: இன்ஜின் ஆயிலும் வேண்டாம், ஈபி ஆயிலும் வேண்டாம். கிளட்ச் வழுக்கலாம், பிறகு அட்ஜஸ்ட் செய்து செய்தே ஆள் களைத்துப்போவான்.

அப்படியானால் ஹெட்ஸ்டாக்குக்கு எது? அதற்கு உங்கள் லேத்தின் ஸ்பிண்டில், அதாவது சக்கைச் சுழற்றும் அச்சு, எதில் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். எச்எம்டி, கிர்லோஸ்கர் போன்றோரின் ஆல் கியர் லேத்தாக இருந்தால் உள்ளே ரோலர் பேரிங்தான் இருக்கும். எண்ணெய் தேங்கி நிற்கும், கியர்கள் அதை வாரி இறைக்கும், முன்னால் ஒரு சைட் கிளாஸ் இருக்கும். பட்டாலாவிலிருந்தோ ராஜ்கோட்டிலிருந்தோ வந்த பழைய கோன் புல்லி (படிப்படியான பெல்ட் சக்கரம்) லேத்தாக இருந்தால் பெரும்பாலும் கன்மெட்டல் புஷ், மேலே இரண்டு எண்ணெய்க் கிண்ணம், உள்ளே திரி. நீங்கள் கிண்ணம் பற்றி ஒன்றும் எழுதவில்லை, பிளேட் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆல் கியர் என்றே எடுத்துக்கொள்கிறேன். அதற்கு 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் போதும், நன்றாகவே இருக்கும். தேய்மானத் தடுப்பு மருந்து மிதமாக இருக்கும், துரு பிடிக்காது, நுரைக்காது, தண்ணீரைப் பிரித்துவிடும், கன்மெட்டலோடு சண்டை போடாது. இந்தியன் ஆயிலின் சர்வோசிஸ்டம் 68, எச்பியின் என்க்லோ 68, ஷெல்லின் டெல்லஸ் 68 எல்லாம் இந்த வகைதான். எது பக்கத்தில் சீல் உடையாமல் கிடைக்கிறதோ அது. கம்பெனி பெயரை வைத்துச் சண்டை போடுபவர்களோடு நான் டீ குடிப்பேன், வாதம் செய்ய மாட்டேன்.

புஷ்ஷில் ஓடும் ஸ்பிண்டிலாக இருந்து நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு அருகில் ஓட்டுவீர்கள் என்றால் 32 அல்லது 46. முன்னூறு, நானூறு சுற்றோடு சரி என்றால் 68. ஊற்றிய பிறகு மெஷினிடமே கேட்டுவிடலாம். உச்ச வேகத்துக்கு முந்தைய வேகத்தில் ஒரு மணி நேரம் லோடு இல்லாமல் ஓட விட்டு, சக் பக்கத்துப் பேரிங்குக்கு மேலே உள்ளங்கையை வையுங்கள். பட்டறைச் சூட்டைவிட இருபது டிகிரி கூடினால் இயல்பு. முப்பதைத் தாண்டினால் எண்ணெய் கெட்டி, அல்லது பேரிங் இறுக்கம், அல்லது சைட் கிளாஸின் பாதிக்கு மேல் எண்ணெய் நிற்கிறது. மூன்றாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எண்ணெய் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று கண்ணாடி முழுக்க நிரப்பிவிடுவார்கள். கியர் அதைத் தயிர் கடைவது போலக் கடையும், நுரைக்கும், சூடாகும். நுரையில் பாதி காற்று. அதை நம்பித்தான் பேரிங் ஓட வேண்டியிருக்கும்.

பெட்டும் (கேரேஜ் ஓடும் அடித்தளம்) ஸ்லைடும் வேறு கதை. இங்கேதான் தனி எண்ணெய் வாங்கச் சொல்வேன். கிராஸ் ஸ்லைடு ஹேண்டிலை மிக மெதுவாக, டயலில் ஒரு கோட்டில் பாதி நகர்த்தப் பாருங்கள். ஹேண்டில் திரும்பும், ஸ்லைடு அசையாது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் சட்டென்று இரண்டு கோடு தாவும். அப்படித் தாவினால் அது தேய்மானம் மட்டும் இல்லை. ஸ்க்ரூவில் பிளே (தளர்ச்சி) இல்லாத மெஷினிலும் வரும். மெதுவாக நகரும் இடத்தில் எண்ணெய்ப் படலம் பிழிந்து வெளியேறிவிடுகிறது, இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொள்கின்றன, விசை கூடக் கூடப் பிய்த்துக்கொண்டு தாவுகின்றன. இதற்கென்றே ஸ்லைடுவே ஆயில் இருக்கிறது. சர்வோவே 68, மொபில் வாக்ட்ரா நம்பர் 2 இந்த ரகம். விரலில் தொட்டுப் பிரித்தால் பாகு போல மெல்லிய நூல் இழுக்கும். அந்த ஒட்டும் மருந்துதான் செங்குத்தான பரப்பிலிருந்தும் அதை வழிய விடாது. கூலண்ட் தண்ணீர் பட்டாலும் எளிதில் கழுவிக்கொண்டு போகாது. பெட்டுக்கு 68, ஷேப்பிங் மெஷினின் ராம் (டூலோடு முன்னும் பின்னும் போய்வரும் பகுதி) போன்ற கனமான ஸ்லைடுக்கு வேண்டுமானால் 220. ஹைட்ராலிக் ஆயிலையே பெட்டுக்கும் விட்டால் மெஷின் ஓடுமா என்றால் ஓடும். காலையில் விட்டது மதியம் டிரேயில் இருக்கும், அவ்வளவுதான். மாற்றி ஸ்லைடுவே ஆயிலை ஹெட்ஸ்டாக்கில் ஊற்றாதீர்கள்.

கிரீஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. லேத்தின் கேரேஜிலும் ஏப்ரனிலும் சின்னச் சின்ன பால் நிப்பிள் இருக்கும், நடுவில் ஒரு குண்டுமணி அமுங்கும். அது எண்ணெய் விடும் வழி. கிரீஸ் நிப்பிள் மாதிரியே தெரிவதால் யாராவது ஒரு புண்ணியவான் கிரீஸ் கன்னை வைத்து ஏபி 3 கிரீஸை அமுக்கி விட்டிருப்பார். உங்கள் லேத்தின் வயதுக்கு இது நடந்திருக்காது என்று என்னால் நம்ப முடியவில்லை. அப்படி அடைத்த ஒரு கேரேஜை அம்மாபேட்டையில் கழற்றினேன். பென்சில் முனை அளவு துளை, அதற்குள் கிரீஸ் கருப்பட்டி போல இறுகியிருந்தது. சைக்கிள் பிரேக் கம்பியின் ஓர் இழையைப் பிரித்தெடுத்து, மண்ணெண்ணெயில் தோய்த்து, குத்திக் குத்தி ஒரு மதியம் முழுக்க எடுத்தேன். ஏழெட்டு அங்குல நீளத்துக்குப் புழு போல ஒரே துண்டாக வந்தது. அதுவரை அந்த ஸ்லைடுக்கு எத்தனை வருடமாக எண்ணெயே போகவில்லையோ. அடைத்திருந்தால் எந்த எண்ணெய் வாங்கினாலும் வீண். ஆகவே நீங்கள் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு நிப்பிளிலும் ஆயில் கேன் மூக்கை வைத்து அழுத்திப் பாருங்கள். ஸ்லைடின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து வருகிறதா என்று கண்ணால் பார்க்காமல் அடுத்த நிப்பிளுக்குப் போகாதீர்கள்.

பழைய மெஷின், தேய்ந்துபோயிருக்கும், கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்று பக்கத்துப் பட்டறை அண்ணன் சொல்லியிருப்பார். அதில் கால்வாசி உண்மை. மெதுவாகச் சுற்றும் ஷாஃப்ட்டில், புஷ் இடைவெளி கூடிவிட்ட இடத்தில், ஒரு படி கெட்டியான எண்ணெய் படலத்தை நிற்க வைக்கும். ஸ்லைடுகளிலும் அப்படியே. வேகமாகச் சுற்றும் ஸ்பிண்டிலில் அது சத்தத்தை மூடும், தேய்மானத்தை மூடாது. இருமலுக்குத் துணி கட்டுவது போலத்தான். எந்த அளவு தேய்மானத்துக்கு எத்தனை படி ஏற்றலாம் என்பதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. 68-இல் ஓட்டிப் பார்த்து, சூடு குறைவாகவும் சத்தம் தாங்க முடியாமலும் இருந்தால் 100 வரை போவேன். அதற்கும் அடங்கவில்லை என்றால் பேரிங்கைப் பார்க்க வேண்டிய நேரம்.

ஆறு வருடம் பூட்டிக் கிடந்ததால் முதல் வேலை ஸ்டார்ட் பட்டனை அழுத்துவது இல்லை. டிரெயின் பிளக்கைத் திறந்து, மூடி வைத்த பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால் உள்ளே துரு இருக்கும், மேல் மூடியைக் கழற்றியே ஆக வேண்டும். வெயிலில் காட்டினால் பொன் துகள் மின்னினால் புஷ் தேய்ந்திருக்கிறது, சாம்பல் நிறத் தூள் என்றால் கியரும் பேரிங்கும். ஒரு சிட்டிகை அளவு எல்லாப் பழைய மெஷினிலும் இருக்கும், பதற வேண்டாம். சிலாம்பு சிலாம்பாக நகம் போல வந்தால் மட்டும் கவலைப்படுங்கள். பிறகு மூடியைத் திறந்து, அடியில் படிந்த சேற்றைக் கையால் வழித்து எடுங்கள். காட்டன் வேஸ்ட் வேண்டாம், நூல் உதிர்ந்து எண்ணெய்க் குழாயை அடைக்கும், பழைய பருத்தி வேட்டித் துணி நல்லது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி ஓட்டுவது நம் ஊர் வழக்கம். துணியில் நனைத்துத் துடைக்கச் சரி, ஊற்றி ஓட்டக் கூடாது. அது பேரிங்குக்கு எண்ணெய் இல்லாமல் ஓட்டியதற்குச் சமம், மூலையில் தங்குவது புது எண்ணெயையும் நீர்க்க வைக்கும். 32 நம்பர் ஆயிலை ஊற்றி, ஸ்பிண்டிலைக் கையால் இருபது சுற்று சுற்றி, பிறகு மிகக் குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டி, சூடு ஆறும் முன் வடித்துவிடுங்கள். அப்புறம் 68. அதையும் நூறு மணி நேர வேலைக்குப் பிறகு மாற்றுங்கள், பழைய அழுக்கு அதற்குள் கரைந்து வந்திருக்கும். அதற்குப் பின் வருடம் ஒரு முறை போதும்.

மற்ற மூன்று மெஷின்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ஷேப்பிங் மெஷினில் ராமுக்கு ஸ்லைடுவே ஆயில், மற்ற எண்ணெய்த் துளைகளுக்கெல்லாம் 68, ஃபெல்ட் திரி இருந்தால் அது கல்லாக இறுகியிருக்கும், புதிதாக வெட்டிப் போடுங்கள். பில்லர் டிரில்லில் பெரும்பாலும் சீல் வைத்த பால் பேரிங், டிரில்லோடு மேலும் கீழும் போய்வரும் குழலான குவில்லுக்கு மட்டும் சொட்டு 68. பவர் ஹேக்சாவில் வார்ம் கியர் (திருகு போன்ற பல் ஒரு சக்கரத்தைச் சுழற்றுவது) இருந்தால்தான் கவனம். எஃகு வார்ம், கன்மெட்டல் வீல், ஒன்றின் மேல் ஒன்று வழுக்கியே ஓடும் ஜோடி அது. கெட்டியான 460 நம்பர் வார்ம் கியர் ஆயில் கேளுங்கள். கொழுப்பு எண்ணெய் கலந்தது என்று சொல்லி வாங்குங்கள், டிஃபரன்ஷியல் ஆயிலைக் கையில் திணித்தால் வாங்காதீர்கள்.

எண்ணெயில் கொழுப்பு சேர்ப்பது ஒன்றும் புதிதில்லை. மசகு என்ற சொல்லே மாட்டுவண்டி அச்சுக்குப் போட்ட பூச்சிலிருந்து வந்தது. வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை. விளக்கெண்ணெயின் வழவழப்புக்கு இன்றும் ஈடு குறைவு, ஆனால் காற்றுப் பட்டுப் பட்டு பிசினாகும், தாது எண்ணெயோடு சரியாகக் கலக்கவும் கலக்காது. அதனால் லேத்தில் வேண்டாம். தேங்காய் எண்ணெய் கதை இன்னும் வேடிக்கை. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கும் பல்பரின் புஷ்ஷுக்கு மேஸ்திரி தேங்காய் எண்ணெய்தான் விடுவார், பழத்தில் பட்டாலும் வாசம் கெடாது என்ற நல்லெண்ணத்தில். அவர் கவலை சரிதான், காப்பி எந்த வாடையையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரம், மார்கழிப் பனி, தேங்காய் எண்ணெயோ 24 டிகிரிக்குக் கீழே உறையும். காலை ஏழு மணிக்கு நான் போய்ப் பார்க்கும்போது எண்ணெய்க் கிண்ணத்தில் வெண்ணெய் போல உறைந்து கிடக்கிறது, புஷ் வறண்டு கத்துகிறது. தண்ணீர் தாங்கும் கால்சியம் கிரீஸைப் புஷ்ஷுக்குள் வைத்து, கிரீஸ் பழத்தின் பக்கம் வராமல் தோலில் ஒரு வாஷர் வெட்டிப் போட்டேன். மேலே பனியில் ஓடும் மெஷினுக்கு நான் கீழே சேலத்தில் போடுவதைவிட ஒரு படி மெல்லிய எண்ணெய் போடுவேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் எண்ணெய்க் கணக்கும் மாறும்.

வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஷேப்பிங் மெஷினுக்கு விடலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதில் இரும்புத் தூள், கரி, அமிலம், கொஞ்சம் பெட்ரோல் எல்லாம் இருக்கும். மெஷினை விடுங்கள், உங்கள் கையை நினையுங்கள். சரியாகச் சுத்திகரிக்காத தாது எண்ணெய்களை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற வகையில் வைத்திருக்கிறது. பேரலிலிருந்து லூசில் அளந்து தரும் எண்ணெயையும் நான் தவிர்ப்பேன். அதில் இருப்பது என்ன நம்பர் என்று பேரலுக்கே தெரியாது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு சின்னச் சோதனை. ஒரு கண்ணாடித் துண்டைச் சரிவாக வைத்து, சீல் உடைத்த நல்ல 68-இல் ஒரு சொட்டு, அதன் பக்கத்தில் சந்தேக எண்ணெயில் ஒரு சொட்டு, ஒரே நேரத்தில் ஒரே அளவில் வையுங்கள். இரண்டும் சேர்ந்தாற்போல ஓடினால் கெட்டித்தன்மை சரி. மருந்து என்ன இருக்கிறது என்பதை அந்தக் கண்ணாடி சொல்லாது.

வாங்க வேண்டியது இவ்வளவுதான்: 68 ஹைட்ராலிக் ஒரு வாளி, ஸ்லைடுவே 68 கொஞ்சம், ஹேக்சாவில் வார்ம் இருந்தால் அதற்கு ஒரு லிட்டர், கழுவுவதற்கு 32 ஐந்தாறு லிட்டர். ஸ்லைடுவே ஆயில் சில்லறையில் கிடைப்பது கஷ்டம், பெரிய வாளியாகத்தான் தருவார்கள். பக்கத்துப் பட்டறை அண்ணனோடு பாதிப் பாதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவருடைய பெட்டும் தாவிக்கொண்டுதான் இருக்கும். வாங்கும் முன் ஹெட்ஸ்டாக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஸ்பிண்டில் ரோலரிலா புஷ்ஷிலா, உள்ளே கிளட்ச் இருக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள். புஷ் என்றால் 68 என்று நான் சொன்னதை 46 ஆக்க வேண்டி வரலாம்.